முதலும் கடைசியும் கழிவு

ஊரையெல்லாம் படம்பிடித்துவிட்டு, தன்னைச் சுமக்கிற ஆளை மட்டும் விட்டுவிடுகிற கேமரா ஒன்று உண்டு. தலைக்கவசத்தின் நெற்றியில் மாட்டுவது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வானம், காக்கை, கம்பி, கயிறு, தூரத்து மொட்டைமாடியில் காயும் போர்வை என்று எதிரே வந்ததையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொள்ளும். தனக்குக் கீழே ஒரு முகம் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அணில் என்று கூப்பிடப்படுகிற பெண்ணின் அப்பா அப்படியொரு கேமராவோடு செல்போன் கோபுரங்களில் ஏறினார். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றுவதும் தளர்ந்தவற்றை முடுக்குவதும் வேலை. ஒழுங்காக முடுக்கினாரா என்று கீழே இருக்கிற அதிகாரிகள் பார்ப்பதற்காகக் கம்பெனி கொடுத்த கேமரா அது. அதிகாரிகள் ஒருநாளும் பார்த்ததில்லை. அணில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். படம் முழுக்கக் கையுறையும் கம்பியும்தான். ஆனால் ஏறுவதற்கு முன்னால் கேமராவை முடுக்கிவிட அப்பா தலைக்கவசத்தைக் கையில் பிடித்து முகத்துக்கு நேரே கொண்டுவருவார். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி முன்னால் வந்து நிற்கும். ஒரு கண்ணைச் சுருக்கி, "ஆரம்பிக்கலாமா?" என்பார். இறங்கிய பிறகு அணைப்பதற்காக மறுபடி அதே மூக்கு, அதே சுருக்கிய கண். "அவ்ளோதான்."

அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கம்பெனிக்கு வேண்டிய அப்பா இருந்தார். அணிலுக்கு வேண்டியவர் இரண்டு ஓரத்திலும் இருந்தார்.

காய்ச்சல் வந்து அப்பா போன பிறகு, வீட்டில் அவர் படம் என்று இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். வீட்டில் எப்போதும் படம் எடுக்கிறவர் அவர்தான். எடுக்கிறவன் படத்தில் விழுவதில்லை. அட்டைப் படத்தில் இருந்தவர், அப்பாவின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு ஆள் திட்டு வாங்கக் காத்திருப்பதுபோல இருந்தார். பதினாறு வயது அணிலுக்கு ஒருநாள் பேருந்தில் வரும்போது அப்பாவின் கை நினைவுக்கு வந்தது, நடை வந்தது, முகம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு ட்யூட்டி. இவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா செருப்பைக் கழற்றுவாள், அம்மா கிளம்பும்போது இவள் பையைக் கழற்றுவாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது வாசல் கால்மிதிதான்.

"அந்த கேமரா படத்தைக் கேட்டு வாங்கலாம்மா" என்றாள் ஒருநாள்.

"நீ வாங்கு. என்னைப் பாக்கச் சொல்லாத" என்று அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அணில் தனியாகப் போனாள்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் விசாரணை மேஜையில் இருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்பா எந்தப் பிரிவு? உயரப் பிரிவா, தரைப் பிரிவா?"

"கோபுரத்துல ஏறுவாரு மேடம்."

"ஏறுறது சரி. இறந்தது எங்க?"

"வீட்டுல. கட்டில்ல."

அம்மையார் யோசித்தார். "கட்டில் எவ்ளோ உயரம் இருக்கும்?"

அணில் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். 

"அப்போ தரைப் பிரிவு" என்று பெருமூச்சு விட்டார் அம்மையார். "உயரத்துல இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

தரைப் பிரிவில் விஷயத்தைத் தெளிவாக விளக்கினார்கள். கேமரா கம்பெனியுடையது. அதில் இருக்கிற வானமும் கம்பெனியுடையது. எடுத்தபடியே அப்படியே பச்சையாக யாருக்கும் கொடுக்க முடியாது. வெட்டி ஒட்டித் தொகுத்த படம் என்றால் குடும்பத்துக்குக் கொடுக்கலாம், தாராளமாக. ஆனால் தொகுக்கக் கம்பெனியிடம் மென்பொருள் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு இருக்கிறது. மலிவு விலைக் காணொளித் தொகுப்பு மென்பொருள் தேர்வுக் குழு. பல வருடமாக இருக்கிறது. அதற்குத் தனி அறை, தனி நாற்காலிகள், தனி டீ ஃபிளாஸ்க் எல்லாம் உண்டு. மென்பொருள் மட்டும்தான் பாக்கி.

"நீ வந்து உக்காரலாம்மா. பயனாளி வந்து பாக்கலாம்னு விதியில இருக்கு. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்றார்கள்.

"எப்போ தேர்ந்தெடுப்பாங்க சார்?"

"புது ஆளுங்க வேலைக்குச் சேர்றதுக்குள்ள முடிச்சிடுவாங்க. அவங்க வந்துட்டா படம் பதிஞ்ச பழைய கேமரா கார்டையெல்லாம் அழிச்சு அவங்களுக்குக் குடுத்துடுவோம். புதுசு வாங்கினா செலவு பாரு."

அழிச்சு. அந்தச் சொல்லுக்கும் அணில் தலையாட்டிவிட்டு வந்தாள். பெரியவர்கள் முன்னால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

குழுவின் தலைவர் நல்ல மனிதர். குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். அணிலை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு அவளுக்காகவே ஒரு விளக்கவுரை ஆற்றினார்.

"நான் இந்தக் குழுவுக்குப் பொறுப்பேத்தப்போ மார்க்கெட்டுல இந்த மாதிரி மென்பொருள் நாலோ அஞ்சோதான் இருந்துச்சு. அவசரப்பட்டு அதுல ஒண்ண வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? வேலை முடிஞ்சிருக்கும், அவ்வளவுதானே! நாங்க பொறுமையா இருந்தோம். இன்னிக்கு எங்க பாத்தாலும் மென்பொருள். இந்தத் துறையோட வளர்ச்சியில எங்க குழுவுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு அடக்கத்தோட சொல்லிக்கிறேன்."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். தொழில்நுட்ப ஆலோசகர் சற்றுப் பலமாகத் தட்டினார். அவர் முன்னால் ஒரு மடிக்கணினி மூடியே இருந்தது. அதைத் திறக்காமலேயே ஆலோசனை சொல்வதில் அவருக்குப் பேர்போன திறமை.

அன்று முழுக்க 'மலிவு' என்றால் என்ன என்று விவாதித்தார்கள். மாதச் சந்தா மலிவா, மொத்தமாக வாங்குவது மலிவா? மாதச் சந்தா என்றால் மாதம் ஒருமுறை கூட்டம் போடலாம் என்றார் ஒருவர். ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்து நமக்கு என்ன வேலை என்று கேட்டார் கணக்கு அதிகாரி. அறையில் திடீரென்று ஒரு குளிர் பரவி, எல்லோரும் டீ ஊற்றிக்கொண்டார்கள்.

அணில் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"சார், இலவசமாவே ஒண்ணு இருக்கு. எங்க கிளாஸ்ல எல்லாரும் போன்லயே பண்றாங்க. நல்லா வெட்டும்."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் மட்டும் அன்பாகச் சிரித்தார்.

"கண்ணு, நம்ம குழு பேரென்ன? மலிவு விலை. விலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அது மலிவா இருக்க முடியும்? தலையே இல்லாதவனுக்கு எப்படிம்மா சீப்பு வாங்குறது?"

"மூணு இடத்துல விலை கேட்டு, குறைஞ்சத எடுக்கணும். அதான் விதி" என்றார் கணக்கு அதிகாரி. "பூஜ்ஜியத்துக்கு எவன் பில்லு குடுப்பான்?"

"இலவசம்னா சந்தேகம். மலிவுன்னா சிக்கனம்" என்று ஆலோசகர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். அதைத் தலைவர் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அணிலைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'பயனாளி உட்கார்ந்திருந்தார்.'

அடுத்த கூட்டத்தில் சோதனை. மென்பொருளைச் சோதிக்கப் படம் வேண்டும். சாமான் அறையில் அப்பாவின் படங்கள் இருக்கின்றனவே என்று அணில் சொல்ல வாயெடுப்பதற்குள், நடுநிலைமை கருதித் தலைவரே தலைக்கவசம் மாட்டிக்கொண்டார். அலுவலக மாடிப்படியில் முதல் தளம்வரை ஏறினார். இரண்டு பேர் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தார். கீழே வந்ததும் எல்லோரும் கைகொடுத்தார்கள்.

அந்தப் படம் வாரக்கணக்கில் அலுவலகத்தைப் பாடாய்ப் படுத்தியது. இந்தக் கேமராவின் லென்ஸுக்கு மீன்கண் என்று பேர்; எதையும் அகலமாக, ஓரத்தில் வளைத்துக் காட்டும். தலைவரின் படத்தில் மாடித் தூண் வில்லாக வளைந்திருந்தது. கட்டடப் பிரிவு பதறிப்போய் ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் தூணைத் தட்டிப் பார்த்து, தூண் நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் படத்தில் இருப்பதால் கண்காணிப்பில் வைப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்தார். தூணைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதன் பிறகு எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது, நடுக்கம். தலையில் கட்டிய கேமரா ஆடும். ஆட்டத்தை நீக்குகிற வசதி எதில் நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஒரு மென்பொருள் தலைவரின் நடுக்கத்தை அறவே நீக்கிவிட்டது. படத்தில் அவர் மிதந்துபோவதுபோல இருந்தது. தலைவர் அதை நாலுமுறை போடச் சொன்னார். 

இன்னொன்று மெதுவாக ஓட்டிக் காட்டும் வசதி. அதைப் போட்டு அரைமணி நேரம் பார்த்த பிறகுதான், அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, கம்ப்யூட்டர் திணறி நிற்கிறது என்று தெரிந்தது. "வித்தியாசம் தெரியலையே" என்றார் கணக்கு அதிகாரி, நேர்மையாக.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அணில் பள்ளிவிட்டு ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரும் விரட்டவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. கூட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை அவள் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். கதவைத் தட்டினாள். காவலாளி வந்து திறந்து, "நீ யாரு?" என்றார்.

"பயனாளி" என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. வேறு எதையோ சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பேருந்தில் உட்கார்ந்து கண்ணை மூடி அப்பாவின் முகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். புருவம் வந்தது. அதற்குக் கீழே தலைவர் மாடியேறுகிற படம் ஓடியது.

புது ஆட்கள் சேரும் நாள் நெருங்கிவிட்டது. விசாரணை மேஜையில் புதுத் தலைக்கவசங்கள் அடுக்கியிருந்ததை அணில் பார்த்தாள். அன்றைய கூட்டத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், கார்டை அழிச்சிடுவாங்க சார். எனக்கு முழுசா வேண்டாம். எங்கப்பா மொகம் வர்ற எடம் மட்டும் போதும். ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும்."

உறுப்பினர்கள் சங்கடத்தோடு குறிப்பைப் பார்த்தார்கள். அதில் 'பயனாளி உட்கார்ந்திருந்தார்' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தது. அதைத் திருத்துவதா, அவளை உட்காரச் சொல்வதா என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவளை உட்காரச் சொன்னார்கள்.

ஆனால் அன்றுதான் முடிவு எடுக்கப்பட்டது. சந்தையிலேயே விலை அதிகமான மென்பொருளுக்குத் தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி அறிவித்திருந்தார்கள். தள்ளுபடி போனபிறகும் அது மற்றதையெல்லாம்விட அதிகம்தான். தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"மலிவுங்கறது நாம குடுக்கற காசுல இல்ல. குடுக்காத காசுல இருக்கு. இவ்ளோ பெரிய தொகைய மிச்சம் பிடிக்கிற வாய்ப்பு வேற எந்த மென்பொருள்ல கிடைக்கும்? இலவசத்துல கிடைக்குமா? அதுல ஒரு பைசா மிச்சம் பிடிக்க முடியுமா?"

முடியாதுதான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வெளியீட்டு விழா வைத்தார்கள். 'மறைந்த ஊழியரின் பார்வையில் வானம்' என்று பேனர். அணிலுக்கு முதல்முறையாக நாற்காலி போட்டார்கள், முன்வரிசையில், பக்கத்து நாற்காலிகள் காலி. மென்பொருளின் தனிச்சிறப்பை ஆலோசகர் விளக்கினார்.

"இதுக்குள்ள தானியங்கி வெட்டு இருக்கு. இந்த மாதிரி கேமராவுல ஆன் பண்றப்பவும் ஆஃப் பண்றப்பவும் தேவையில்லாம மூஞ்சி, கை, மூக்கெல்லாம் விழும். முதலும் கடைசியும் கழிவு. இது அதைத் தானாவே மோப்பம் பிடிச்சு வெட்டித் தூக்கிடும்."

அணில் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடியது. கையுறை, கம்பி, படி, படி, படி. நடுக்கமே இல்லை, அப்பா ஏறியதுபோலவே இல்லை, யாரோ தூக்கிப்போனதுபோல இருந்தது. திருகாணி, காக்கை, வானம். அடுத்த கோபுரம். கையுறை, கம்பி. ஒவ்வொரு முறை அவர் தரையைத் தொட்டுத் தலைக்கவசத்துக்குக் கை தூக்கும்போதும் அணில் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். கை வந்தது, படம் வெட்டுப்பட்டு அடுத்த கோபுரத்துக்குத் தாவியது. ஒருமுறை, "அவ்—" என்று மட்டும் கேட்டது.

வானத்துக்குக் குறுக்கே, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, சாம்பல் நிறத்தில் பெரிய எழுத்தாக ஒரு சொல் நின்றது: மாதிரி. பணம் கட்டும் கோப்பு இன்னும் கையெழுத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் மாதிரிப் பதிப்பில் செய்த படம் அது.

"மாதிரின்னு பேர் வச்சது பிரமாதம்" என்றார் தலைவர் கைதட்டியபடி. "முன்மாதிரியான ஊழியர்னு அர்த்தம் வருது."

அணில் எழுந்தாள். இந்தமுறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இது கூட்டமில்லை, விழா.

"எங்கப்பா எங்க சார்?"

"படம் முழுக்க அவர்தானேம்மா! அவர் கண்ணாலதானே நாம பாக்குறோம்?"

"அவர் கண்ணு எங்க சார்?"

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் வாழ்க்கையில் முதல்முறையாக மடிக்கணினியைத் திறந்திருந்தார், வேறு வழியில்லாமல். "அதெல்லாம் கழிவுத் தொட்டியில கிடக்கு சார். இப்போ காலி பண்ணிடுவேன். எடம் அடைக்குது."

"அந்தக் கழிவைக் குடுங்க" என்றாள் அணில்.

பச்சையாகக் கொடுக்க விதி இல்லை. தொகுத்ததைக் கொடுக்க விதி உண்டு. கழிவு? கணக்கு அதிகாரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கழிவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் டீ டம்ளர்களுக்காக எழுதியது. அவர் அதை உரக்கப் படித்தார்: "கழிவுகளை வளாகத்துக்கு வெளியே கொண்டுசெல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை."

"அப்போ எடுத்துட்டுப் போகட்டும். நமக்கும் சுத்தமா இருக்கும்" என்றார் தலைவர். பிறகு இளகிய குரலில், "பாவம், சின்னப் பொண்ணு. நல்ல படம் இருக்கறப்போ குப்பையைக் கேக்குது" என்றார்.

ஆலோசகர் தொட்டியில் கிடந்த துண்டுகளையெல்லாம் கிடந்த வரிசையிலேயே அதே மாதிரிப் பதிப்பில் ஒன்றாக ஒட்டி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். சாமான் அறையில் மறுநாளே கார்டுகளை அழித்துப் புது ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருடத்துச் சாதனைப் பட்டியலில் குழுவின் பேர் வந்தது; தன் பணியை முடித்ததற்காகக் குழுவின் காலம் நீட்டிக்கப்பட்டது.

விடிந்தும் விடியாத நேரம், வீட்டில் யாருமில்லை. அணில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பழைய கணினியை மடியில் வைத்துக்கொண்டு பென் டிரைவைச் செருகினாள்.

உருளைக்கிழங்கு மூக்கு திரையை நிறைத்தது. சுருக்கிய கண். முகத்துக்குக் குறுக்கே சாம்பல் நிற எழுத்து.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அப்பா.

உடனே, வேர்த்து விறுவிறுத்து, முடி நெற்றியில் ஒட்டியிருக்க, "அவ்ளோதான்."

நடுவில் ஒன்றுமில்லை. கோபுரம் இல்லை, கம்பி இல்லை, பகல் இல்லை. கிளம்புகிற அப்பாவும் திரும்பிவந்த அப்பாவும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ஆரம்பிக்கலாமா. அவ்ளோதான். மழையில் நனைந்த முகம். சவரம் செய்யாத முகம். வாயில் எதையோ மென்றுகொண்டே, "ஆம்பிக்கவாமா?" ஒருமுறை கேமராவை உற்றுப்பார்த்து, "அணிலு, பல்லு வெளக்கினியா?" என்று அங்கே இல்லாத பிள்ளையைக் கேட்டுத் தானே சிரித்தார்.

"வெளக்கிட்டேன்" என்றாள் அணில், சத்தமாக, காலி வீட்டில்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா ட்யூட்டி முடிந்து வந்திருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியவள் இன்னொன்றைக் கழற்றாமல் கால்மிதிமேலேயே நின்றாள். திரையைப் பார்க்கவில்லை என்பதுபோல நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திரைக்குப் போனது.

"மூஞ்சி மேல என்னடி எழுதியிருக்கு?"

"'மாதிரி'ன்னு எழுதியிருக்கு. கம்பெனி காசு கட்டல. அதான்."

அம்மா அந்த எழுத்தையும் அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும் சேர்த்து, எழுத்துக் கூட்டுகிறவள்போல வாய்க்குள் படித்தாள். அப்பா... மாதிரி.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

மறுசெருப்போடு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் உருளவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. துண்டுகள் முடிந்து, படம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அணில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

உள்ளே குழாய் நின்றது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அப்பா.